ஒன்பதாம் நாள் வைத்த பெயர்

ரோம்,
மார்ச் மாத நடுநாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நலமென்றால் நானும் நலம். கல்யாணத்துக்காகப் பாடத்தை நிறுத்தியதால் எழுத்து இன்னும் கோணல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் குழந்தை பிறக்கும் என்று மருத்துவச்சி சொன்னாள். மாமியார் ஆண் என்றே முடிவு செய்து, ஆலஸ் என்று பெயரும் சொல்லிவிட்டார். இந்த வீட்டில் ஆலஸ், டைட்டஸ் தவிர வேறு பெயர் வைத்ததே இல்லையாம்.

நீங்கள் அனுப்பிய பாலாடைக்கட்டியை வாயில்காவலரோடு பங்கிட்டுக்கொண்டேன். அவர் நம் பள்ளத்தாக்குக்காரர், போரில் பிடிபட்டு விற்கப்பட்டவர். "நம்ம ஊரு உப்பு, தாயி" என்று கண்ணை மூடிக்கொண்டார். நம் மொழியில் நான் பேசுவது அவரிடம் மட்டும்தான்.

உங்கள் பெயரையே வைக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்த முடியுமா? கோபம் வேண்டாம்.

உங்கள் மகள்,
ஹெரென்னியா


போவியானம்,
ஏப்ரல் ஐந்தாம் நாள்

மகளுக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். காரணம் எங்கும் இல்லை.

ஸ்தாதியஸ் என்பது நம் மலையில் ஆடு மேய்ப்பவனுக்கும் உண்டு, சபைத் தலைவனுக்கும் உண்டு. என் தாத்தாவிடமிருந்து எனக்கு வந்தது. என்னிடமிருந்து உன் பெரிய அண்ணனுக்குப் போனது. போருக்குப் போன அவனும் வரவில்லை, சின்னவனும் வரவில்லை. எனக்குப் பின் அந்தப் பெயருக்கு இந்த வீட்டில் ஆள் இல்லை. அதனால்தான் உன் கணவனிடம், தெய்வத்தின் முன்னால் வாக்கு வாங்கிக்கொண்டு உன்னைக் கொடுத்தேன். சீதனத்தில் குறை வைத்தேனா?

நீ சிறு வயதிலிருந்தே கூட்டத்தில் வாய் திறக்க மாட்டாய். பெயர் வைக்கும் ஒன்பதாம் நாளன்று ஒரு வார்த்தை பேசு, போதும்.

உன் அப்பா,
ஸ்தாதியஸ் ஹெரென்னியஸ்


ரோம்,
ஜூன் மாத நடுநாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

பேரன் பிறந்தான். நல்ல எடை. உங்கள் நெற்றி.

முன்பு நான் சொல்லாத காரணம் இதுதான். இங்கே ஸ்தாதியஸ் என்பது அடிமைகளின் பெயர். போர்க் கைதிகளோடு மலையிலிருந்து இறங்கி வந்து ஊரெல்லாம் பரவிவிட்டது. சந்தையில் யாராவது ஸ்தாதியஸ் என்று கூப்பிட்டால் மூட்டை தூக்குகிறவர்கள்தான் திரும்புகிறார்கள். எங்கள் வாயில்காவலரின் பெயரும் அதுதான்.

ஒன்பதாம் நாள் விருந்தினர் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். முன்னோரின் மெழுகு முகங்கள் இருக்கும் பேழைகளையும் திறந்து வைத்திருந்தார்கள். "வாசல்ல சங்கிலியோட நிக்கிறவன் பேரையா என் பேரனுக்கு வைக்கப்போறே?" என்று மாமியார் கேட்டார். அந்தப் பையன் வளர்ந்து சபைக்குப் போனால் அங்கேயும் கதவைத் திறந்துவிடச் சொல்வார்கள் என்று ஒரு மாமா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. என்னிடம் வந்து, "உங்கப்பாவுக்குக் குடுத்த வாக்கு. நீ விட்டுக்குடுத்தா விட்டுடலாம். என்ன சொல்றே?" என்றார்.

"வைக்கணும்" என்றேன்.

வைத்தார். குழந்தையின் கழுத்தில் தாயத்தும் கட்டியாயிற்று. நீங்கள் கேட்டது நடந்தது.

மறுநாள் காலை மாமியார் வாயில்காவலரை அழைத்து, வீட்டுப் பிள்ளையின் பெயர் அடிமைக்கு ஆகாது, இன்றிலிருந்து நீ ஃபெலிக்ஸ் என்று சொல்லிவிட்டார். அதிர்ஷ்டக்காரன் என்று அர்த்தமாம். அவர் தலையசைத்துவிட்டு வாசலுக்குப் போனார். ஸ்தாதியஸ் என்பது அவருடைய அம்மா வைத்த பெயர். ஊரிலிருந்து அவர் கொண்டுவந்தது வேறெதுவும் இல்லை. உங்கள் பாலாடைக்கட்டியில் ஒரு துண்டு வைத்திருந்தேன். கொண்டுபோனேன். வேண்டாம் என்றுவிட்டார், நம் மொழியில் சொல்லவில்லை.

புதுப் பெயர் சொல்லி எத்தனை தடவை கூப்பிட்டாலும் அவர் திரும்புவதில்லை. காது போய்விட்டது என்கிறார் மாமியார். நான் குழந்தையைப் பெயர் சொல்லிக் கொஞ்சும்போது வாசலில் தலை திரும்புகிறது.

அதனால் இப்போதெல்லாம் அவனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

உங்கள் மகள்,
ஹெரென்னியா