உன்னைப் பட்டினி போட்ட என் விரதம்

என் அன்பிற்குரிய சௌந்தரம்,

நீ போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கொடைக்கானலில் இவ்வாண்டு குளிர் முன்னதாகவே இறங்கிவிட்டது. கோர்ட்டு முடிந்து வந்தால் வீட்டில் பேச ஆளில்லை. சோற்றை வடித்து, பாத்திரத்தோடு அடுப்பருகிலேயே உட்கார்ந்து உண்டுவிடுகிறேன். தனி ஆளுக்கு இலை எதற்கு?

உன்னிடம் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. உன் மார்பில் இருந்தது புற்றுநோய் என்று மதுரையில் உறுதியானதும், சிகிச்சை முடியும்வரை புலால் தொடாமல் ஒருபொழுது இருப்பதாகப் பழனி முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். அந்த நேர்ச்சை என்னை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று தெளிவாக வரையறுத்தும் கொண்டேன். வக்கீல் புத்தி.

வாரத்தில் மூன்று நாள் மதுரையில் தங்கிக் கதிர் சிகிச்சை. மற்ற நாட்கள் மலையில். தினமும் முட்டையும் பாலும் ஆட்டுக்கால் சூப்பும் உனக்குக் கொடுக்கச் சொன்னார் டாக்டர். காய்ச்சாத தண்ணீரும் கழுவாத பழமும் கூடாதென்றார். நான் அனைத்தையும் எழுதிக்கொண்டேன். எழுதியதோடு என் கடமை முடிந்ததென எண்ணினேனா?

"என்னங்க இது! விரதக்காரர் வீட்டு அடுப்புல முட்டையை அவிக்கச் சொல்றீங்களா?" என்றாய்.

"விரதம் எனக்குத்தான், சௌந்தரம். உன்னை அது கட்டுப்படுத்தாது."

"உங்க சட்டமெல்லாம் கோர்ட்டோட வச்சுக்கங்க. நீங்க எனக்காகக் காய்ஞ்சு கெடக்கையில நான் சூப்புக் குடிச்சா அது எனக்குச் செரிக்குமா?"

பக்கத்து வீட்டு ஆரோக்கியம் அம்மாள் அதைக் கேட்டுச் சிரித்தார். "ஏம்மா, என் அடுப்புக்கு ஏது விரதம்? நான் ஆக்கித் தாரேன். வக்கீலய்யா மூக்கைப் பொத்திக்கிட்டு அங்கிட்டுப் போகட்டும்!"

நாம் மலையில் இருந்த நாட்களிலெல்லாம் அவர் கொண்டுவந்தார். நீ உண்கிறாய் என்றே நான் நம்பினேன். அவ்வளவையும் நீ பின்வாசல் வழியாக அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, என்னைப் போல ஒருவேளைக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டது எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டாமா? உன் வளையல்கள் முழங்கை வரை ஏறியதைப் பார்த்தவன்தானே நான்?

பிறகு உனக்குக் காய்ச்சல் கண்டது. இரத்தத்தைச் சோதித்த டாக்டர் சிகிச்சையை நிறுத்திவைத்தார். "சாப்பாடு இந்த நோயைத் தீர்க்காது சார். ஆனா வைத்தியத்தைத் தாங்கவும், வேற கிருமி அண்டாம எதுத்து நிக்கவும் உடம்புல தெம்பு வேணும். இவங்க பட்டினி கெடந்திருக்காங்களே!" என்றார்.

அன்றே உன் எதிரில் அமர்ந்து நானும் ஒரு முட்டையை உண்டிருக்கலாம். ஆனால் நேர்ச்சையை இடையில் விடலாமா என்று பழனியில் நமக்குப் பழக்கமான குருக்களுக்குக் கடிதம் எழுதி, பதிலுக்காக ஒன்பது நாள் காத்திருந்தேன். "முதலில் அம்மாவைச் சாப்பிட வையுங்கள்" என்ற ஒரே வரிதான் வந்தது.

கடிதம் வந்த அன்று நான் முட்டையை விண்டு வாயில் போட்டதும் நீ திகைத்தாய். "சாமி குத்தம் ஆயிருமேங்க!"

"ஆகட்டும். குற்றவாளி நான்."

நீ சிரித்தாய். மீதியை வாங்கி உண்டாய். சிகிச்சை தொடர்ந்தது; எனினும் அடுத்த மழைக்காலத்தை நீ காணவில்லை. நோய் முன்பே முற்றியிருந்தது, அந்தத் தாமதத்தால்தான் நீ போனாய் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்த ஒன்பது நாளும் நீ பசியோடுதான் இருந்தாய்.

இதை இன்று எழுதக் காரணம் உண்டு. முந்தாநாள் மலைக்கோடியில் உள்ள கிளாவரைக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி பத்திரம் பார்க்க வந்திருந்தார். அவர் மனைவிக்கும் இதே நோய். அடுத்த வாரம் மதுரையில் சிகிச்சை ஆரம்பம். அவர் கழுத்தில் துளசிமணி மாலை கிடந்தது.

"வைத்தியம் முடியிற மட்டும் ஒருபொழுதுங்கய்யா. அவளும் கூடவே இருக்கேங்கிறா" என்றார், பெருமையாக.

கேட்டதற்கு மட்டுமே கருத்துச் சொல்லிப் பழகியவன் நான். பத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அவரைத் திரும்பக் கூப்பிட்டு நம் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நாளைக் காலை ஜீப் போகும் தூரம் ஜீப்பிலும், மீதியை நடந்தும் கிளாவரைக்குப் போகிறேன். நமக்கு நேர்ந்ததை ஒளிக்காமல் சொல்வேன். அவர்கள் இருவரும் என் கண்ணெதிரில் ஒன்றாக உட்கார்ந்து வயிறார உண்ணும்வரை அந்த வீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. இதற்கு யாரிடமும் அனுமதி கேட்டு எழுதப் போவதில்லை.

உன்னோடு அமர்ந்து உண்ண ஒன்பது நாள் தாமதித்த,
உன் கணவன்