அரை மணி வெளிச்சம்

மார்ச் 4

மழை விட்டபாடில்லை. ஒரு சிறுகோளைப் பற்றி மருமகள் ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை திரும்பி வந்துவிட்டது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "அத்தை, கணக்குல என் கல்லு பனி மாதிரி வெள்ளையா வருது. எவன் நம்புவான்?" என்றாள்.

நம்பக் கூடாதுதான். விழும் வெயிலில் நூற்றுக்குத் தொண்ணூறைத் திருப்பியனுப்பும் சிறுகோள் கிடையாது.

மார்ச் 5

எழுதிப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல் அடங்கும். வெளிச்சத்தை மட்டும் பார்த்தால் சின்ன வெள்ளைக் கல்லும் பெரிய கறுப்புக் கல்லும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் அவள், வெயிலில் சூடேறிய கல் வெளிவிடும் வெப்பத்தை விண்வெளித் தொலைநோக்கியின் அகச்சிவப்புக் கண்ணால் அளக்கிறாள். வெப்பம் கல்லின் அளவைச் சொல்லும். அதன் பக்கத்தில் வெளிச்சத்தை வைத்தால், கல் எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்பதும் வந்துவிடும்.

வெப்பம் அவளுடையது. வெளிச்சம் என்னுடையது. பதினொரு வருடம் முன்பு, ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், மலைமேல் வானாய்வகத்தில் அளந்தது. இந்தக் கல்லுக்கு வேறு வெளிச்ச எண் கிடையாது.

மார்ச் 7

வானாய்வக இயக்குநர் அவளிடம் சொன்னாராம்: "அம்மாவோட எண்ணை விட்டுடலாம். அந்த வாரம் அவங்க மனநிலை அப்படி. பாவம்."

பாவமாம்! என்னிடம் பயிற்சிக்கு வந்தபோது தொலைநோக்கியின் மூடியைத் திறக்காமலே 'வானம் நல்ல இருட்டு' என்று எழுதிவைத்த பிள்ளை.

"மாமியார் எண்ணுன்னா மண் எண்ணா?" என்று மருமகளிடம் கத்திவிட்டேன். அவள் என் தட்டையும் எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். திருப்பிக் கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மார்ச் 8

பதினொரு வருடம் முன்பு, நான் அளந்த அன்று, என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில். "கல்லு காத்திருக்காது, நான் காத்திருப்பேன். போய்ட்டு வா" என்றார். போனேன். மேகம் அரை மணிதான் வழிவிட்டது. திரும்பி வந்தபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது. அப்புறம் கண் திறக்கவேயில்லை. நான் மலைமேல் இருந்தபோது ஒருமுறை விழித்து, "பாத்துட்டாளா?" என்று செவிலியிடம் கேட்டாராம்.

அந்த எண் தப்பென்றால் நான் எதற்காகப் போனேன்?

அன்று என் கவனம் சிதறவில்லை. எனக்குத் தெரியும் –

தெரியுமா?

மார்ச் 10

இருவரும் உப்பு கேட்கக்கூட வாய் திறக்கவில்லை. அவளே எடுத்து வைத்துவிடுகிறாள். அது இன்னும் கஷ்டம்.

மார்ச் 13

சமையலறையிலிருந்து வெள்ளரிக்காயோடு என் அறைக்கு வந்தாள். கதவைத் தட்டிவிட்டுத்தான்; கான்வென்ட்டில் படித்த என்னோடு இருந்து வந்த பழக்கம்.

"கோச்சுக்காம கேளுங்க அத்தை. நீங்க பாத்தது அரை மணி. நானும் ஒரே ஒரு தடவைதான் பாத்தேன். கல்லு உருண்டைன்னு யார் சொன்னா?"

காயைக் குறுக்கே பிடித்தாள். "நீங்க இப்படிப் பாத்தீங்க." நுனியை என் மூக்குக்கு நேராகத் திருப்பினாள். "நான் இப்படி."

நீளவாட்டுப் பக்கத்தின் வெளிச்சம், நுனியின் வெப்பம். இரண்டையும் ஒரே முகம் என்று சேர்த்துவிட்டால் சின்னக் கல் பெரிய வெளிச்சம் தருவதாகத்தான் வரும். எனக்குத் தோன்றவில்லையே!

"நிரூபணம்?" என்றேன்.

"அடுத்த மாசம் திரும்பக் கிட்ட வருது. கல்லு தன்னைத்தானே சுத்தற ஒரு முழுச் சுத்துக்கும் ரெண்டையும் ஒரே நேரத்துல அளக்கணும். வெப்பத்தை நான் பாத்துக்கறேன். மலைமேல நீங்க வரணும்."

"உங்க இயக்குநர்?"

"கேட்டாச்சு. மூடியைத் தானே திறந்து வெக்கறாராம்."

மூடிக் கதையைப் போட்டுக்கொடுத்திருக்கிறாள்! காயை நறுக்கி இருவரும் தின்றோம்.

ஏப்ரல் 17

மேகம்.

ஏப்ரல் 18

மேகம். படியேறி முழங்கால் போனதுதான் மிச்சம்.

ஏப்ரல் 20

நேற்று வானம் திறந்தது. வெளிச்சம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. வெப்பமும் அதே போக்கில் ஏறி இறங்கியிருப்பதாக இன்று மருமகளுக்குத் தகவல் வந்தது. இரண்டையும் சேர்த்தால் நூற்றுக்கு முப்பத்தைந்து. பனியில்லை, சாதாரணக் கல்.

கல்லின் தூரமும் கோணமும் அன்றைக்கு வேறு, நேற்று வேறு; அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தேன். உச்சத்தில் நேற்றைய வெளிச்சமும் என் பழைய எண்ணும் ஒன்று. கணக்கை மருமகளிடம் நீட்டினேன். "நீங்க சரி பாத்தா போதும் அத்தை" என்றாள். "பாரு" என்றேன். பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் கேட்டதற்குப் பதில்: பார்த்துவிட்டேன். அன்றைக்கு ஒரு பக்கம். நேற்று மற்றப் பக்கமும்.