மஞ்சள் துணியில் இருந்த இருநூறு ரூபாய்

ஜனவரி 9, வெள்ளி.

பதுளைக் கடைத்தெருவில் இத்தனை வருடம் தேடியும் கிடைக்காத, சுதந்திரப் பொன்விழாவுக்காக வெளியிட்ட பழைய இருநூறு ரூபாய்த் தாள் இன்று தானாகவே என் செருப்புக் கடைக்கு வந்தது. மடுல்சீமையிலிருந்து மகளுக்குச் சப்பாத்து வாங்க வந்த ஒரு அம்மா மற்ற காசோடு சேர்த்து அதை நீட்டினார். தாளெல்லாம் மஞ்சள் கறை.

"இது செல்லுமாங்க? அவசரத்துக்கு எடுத்து பஸ்ஸுல நீட்டினேன், கள்ள நோட்டுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க."

செல்லும். பழைய நோட்டு சேர்ப்பவர்களிடம் போனால் பல மடங்கு விலைக்கும் போகும். நான் சொன்னது வேறு: "செல்றது கஷ்டம்தாம்மா. பரவாயில்ல, குடுங்க."

மாரியம்மனுக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த தாளாம். "செல்லாத நோட்ட ஆத்தாளுக்குப் போடலாமாங்க? அதான் ரெண்டு நூறு ரூவா மாத்தி முடிஞ்சு வச்சிட்டேன்."

கும்பிட்டுவிட்டு வேறு போனார். "எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல இன்னும் ரெண்டு பேருகிட்ட இந்த நோட்டு இருக்குங்க. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாறேன்."

தாளை ஆல்பத்தில் வைத்துவிட்டேன். துடைத்தும் மஞ்சள் போகவில்லை. ஞாயிறு கடையைத் திறந்தால் அவர்களிடமும் அதையேதான் சொல்ல வேண்டும். அந்த அம்மாவும் பக்கத்தில் நிற்பார்.