மூன்றாவதாக ஓடிய துப்பாக்கி

என் உயிர் மச்சான் அங்கமுத்துவுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னவன். வெள்ளைக்கார சினிமா கம்பெனி நம் ரப்பர் தோட்டத்துக்குப் படமெடுக்க வரும் என்றேன், வந்தது. கதாநாயகனுக்குப் பின்னால் ஓட உன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்றேன், கூப்பிட்டார்கள். ஒருநாள் கோல சிலாங்கூர் கொட்டகையில் உன்னைத் திரையில் பார்ப்போம் என்றேன். போன மாதம் அதுவும் நடந்தது. நீ பக்கத்தில் இல்லாமல் பார்ப்போம் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அதை யார்தான் சொல்லியிருப்பார்?

அச்சில் இதை வாசிக்கிறவர்களுக்கு நீ யார், நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நீ என் தங்கச்சி பாக்கியத்தின் புருஷன். காட்டில் ஒளிந்த கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரகாலம் வந்ததும் ரப்பர் பால் வெட்டும் கத்தியை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்து, தோட்டத்துக் காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள். நான் துரை பங்களாவில் வேலை. அவருடைய ஸ்டென் கன், ரிவால்வர், பன்றி சுடும் இரட்டைக்குழல் எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டுத் துடைக்கிறவன். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டாலும், துப்பாக்கி என்று வந்தால் இந்த வட்டாரத்துத் துரைமார்களே என்னைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். நீ சிரிப்பாய். சிரி.

நாம் இருவரும் பார்க்காமல் விட்ட சண்டைப் படம் உண்டா? இருட்டினால் ஊரடங்கு, அதனால் பகல் காட்சிக்குத்தான் போவோம். திரையில் ஒருவன் துப்பாக்கியைத் தூக்கியதுமே அதன் பெயரை நான் கொட்டகைக்கே கேட்கச் சொல்வேன். “ஆறு குண்டு ரிவால்வர்! எல்லாரும் எண்ணுங்க!” என்பேன். நீ விரல் மடித்து எண்ணுவாய்.

“மச்சான், பதினொண்ணு ஆச்சு. இன்னும் சுடறான்!”

முன்வரிசையிலிருந்து யாராவது திரும்பிக் கத்துவார்கள். “சும்மா இரு லா! படம் பாக்க வந்தமா, உன்கிட்ட பாடம் படிக்க வந்தமா?”

ராஜா காலத்துக் கதையில் மந்திரியின் கையில் இங்கிலீஷ்காரன் ரைபிள் இருந்ததை நான் கண்டுபிடித்த அன்று, கொட்டகை முதலாளியே எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெளியே இழுத்துப் போகத்தான் பிடித்தார் என்று நீ லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்தாய். உனக்குப் பொறாமை.

படமெடுக்க வந்தவர்கள் உன்னைப் போன்ற பல தோட்டத்துக் கான்ஸ்டபிள்களில் ஆறு பேரைக் கேட்டார்கள். அனுமதி இல்லாதவன் ஒரு தோட்டா வைத்திருந்தாலே தூக்கு என்கிற காலம். நிஜத் துப்பாக்கி வேண்டுமென்றால் அதைத் தூக்க நிஜக் காவல்காரனும் வேண்டும். சார்ஜென்ட் உங்கள் குண்டுகளைக் கழற்றி எண்ணித் தன் பையில் போட்டுக்கொண்டார். ஆறு பேர் கையிலும் ஒரே த்ரீ நாட் த்ரீ ரைபிள். காட்டு ஆட்களாக நடித்தவர்கள் கையில் எதைக் கொடுக்கலாம் என்று டைரக்டர் துரை என்னைத்தான் கேட்டான். ஜப்பான்காரன் விட்டுப்போன நீளத் துப்பாக்கி என்றேன். மறுபேச்சு இல்லாமல் கொடுத்தான்.

கால்வாய்க் கரைமேல் கதாநாயகன் ஓட, பின்னால் நீங்கள் ஓட வேண்டும். அவன் சேற்றில் வழுக்கி வழுக்கி விழுந்தான். பதினான்காவது தடவை திரும்பி வந்தபோது உனக்கு நாக்கு வெளியே தள்ளிவிட்டது.

“மச்சான், நெச சண்டையில ஒரு வாட்டி ஓடுனா போதும். இவனுங்க விடமாட்டானுங்க போல.”

“ஓடு, ஓடு. லண்டன்ல உன்ன பாப்பாங்க.”

“லண்டன்காரன் பாத்து என்ன ஆவப்போவுது? பாக்கியம் பாக்கணும்.”

பாக்கியம் அன்று வயிற்றுப் பிள்ளையோடு பால்வெட்டுக்குப் போயிருந்தாள். நீ ஓடியதை அவள் பார்க்கவில்லை.

பிறகு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ரப்பர் ஷீட் ஏற்றிய லோரிக்குக் காவலாக, வெயில் ஏறிய பிறகுதான் போனாய். பலகைப் பாலத்தில் காட்டு ஆட்கள் காத்திருந்து சுட்டுவிட்டார்கள். பெட்டியை ஆணி அடித்தே கொண்டுவந்தார்கள். திறக்கக் கூடாது என்றார்கள். பாக்கியம் பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள், அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்தது.

மறுவாரம் ஒரு போலீஸ்காரர் வந்து உன் அடையாளக் கார்டைக் கேட்டார். செத்தவர்களின் கார்டு சர்க்காருக்குத் திரும்ப வேண்டுமாம். நீ போட்டோ எடுத்துக்கொண்டது வாழ்க்கையில் அந்தக் கார்டுக்காக ஒரே ஒரு தடவை.

“படத்த மட்டும் பிச்சுக் குடுத்துருங்கய்யா” என்றாள் பாக்கியம்.

“அது சட்டத்துல இல்லம்மா.”

அவரும் நல்ல மனுஷர்தான். தலையைக் குனிந்துகொண்டே போனார். கார்டைக் கொடுத்த பிறகும் இவள் நீட்டிய கையை மடக்கவே இல்லை. உன் மகள் பிறந்தபோது, யார் சாயல் என்று கிழவிகள் சண்டை போட்டார்கள். பாக்கியம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். “அவரு மொகம் எனக்கு மறந்துக்கிட்டே வருதுண்ணே” என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

பிள்ளை எழுந்து நிற்கப் பழகியபோதுதான் படம் வந்தது. சேதியை நான்தான் கொண்டுபோனேன்.

“அவரு மொகம் தெரியுமாண்ணே?”

“தெரியும். தெரியலன்னாலும் நான் இருக்கேன்ல? துப்பாக்கிய வச்சே உம் புருஷன் எதுன்னு காட்டிருவேன்.”

தோட்டத்துக் கேட்டில் வழக்கம்போலச் சோதனை. பிள்ளைக்குக் கட்டிவந்த சோற்றைப் பிடுங்கிவைத்துக்கொண்டார்கள். காட்டு ஆட்களுக்குப் போய்விடுமாம், முள்வேலிக்கு வெளியே ஒரு பருக்கை போகக் கூடாது. வேறு நாளாக இருந்தால் பாக்கியம் சோதனைக்காரனை நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அன்று பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று ஓடினாள்.

கொட்டகையில் நான் சும்மா இருப்பேனா? கதாநாயகன் கையில் ஸ்டென் கன், முப்பது குண்டுக்கு மேல் கொள்ளாது, அவன் ஒரே மூச்சில் நூறு சுட்டான். பிடித்த பிடியும் தப்பு. மெதுவாகத்தான் சொன்னேன், நீ இல்லாமல் யாருக்காகக் கத்துவது? பிறகு அந்தக் கால்வாய்க் கரை வந்தது. பதினான்கு தடவை ஓடியது திரையில் நாலு தடவை கண் சிமிட்டும் நேரம். தூரத்திலிருந்து எடுத்திருந்தான். ஆறு பேர், ஆறு தொப்பி, குனிந்த தலை. பாக்கியம் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“எதுண்ணே? எதுண்ணே?”

“மூணாவது.”

“எப்பிடித் தெரியுது?”

“துப்பாக்கிக் கட்டையப் பாரு, சைக்கிள் டியூப் சுத்தியிருக்கு. கட்டை வெடிச்சிருக்குன்னு மொத நாள் என் முன்னாலதான் சுத்தினான்.”

அவள் அதைக் கேட்டாளோ என்னவோ. திரையில் வேறு காட்சி வந்து வெகுநேரம் ஆன பிறகு, “நல்லா ஓடறாரு” என்றாள்.

வெளியே வந்ததும் பிள்ளையைத் தூக்கி நிறுத்தி, “மூணாவதா ஓடினாரே, அவருதாண்டி ஒங்கப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் காக்கிச் சட்டையில் ஒருவன் நின்றான். சுங்கை சோ பக்கத்துக் கான்ஸ்டபிள், அன்று படத்துக்காக ஓடிய ஆறு பேரில் ஒருவன். சிரித்துக்கொண்டே வந்தான்.

“அண்ணே, மூணாவதா ஓடினது நானுல்ல?”

நான் விடுவேனா? “உன் துப்பாக்கில என்னய்யா அடையாளம்? சொல்லு பாப்போம். கட்டையில டியூப் சுத்தியிருந்துச்சா?” என்று பிடித்தேன். அவன் வாயைத் திறந்தவன், என் முதுகுக்குப் பின்னால் பாக்கியத்தின் வெள்ளைச் சேலையைப் பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

“அங்கமுத்து அண்ணன் வீட்டு அக்காவா?”

“ஆமா தம்பி.”

“தப்பாச் சொல்லிட்டேங்க்கா. நான் நாலாவது. அண்ணன் எனக்கு முன்னால போனாரு. என்னால புடிக்கவே முடியல.”

பஸ் வரும்வரை அவன் எங்களோடு நின்றான். பிள்ளைக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்தான். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. துப்பாக்கி விஷயத்தில் என்னிடம் தோற்றவர்கள் அப்படித்தான்.

இப்போது பாக்கியம் அந்தப் படத்தை நான்கு தடவை பார்த்தாயிற்று. மற்ற நேரமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கரை வரும்போது நான் தோளைத் தட்ட வேண்டும். வெகுநாளைக்குப் பிறகு தலையை வாரிக்கொண்டு வெட்டுக்குப் போகிறாள். அடுத்த வாரம் படம் ரவாங்குக்குப் போகிறது. அது எந்த ஊருக்குப் போனாலும், அவள் போதும் என்று சொல்லும்வரை நான் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தட்டுவேன். உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இது.

“அவரப் பத்தி பேப்பர்ல எழுதிப் போடுண்ணே” என்று கேட்டவளும் அவள்தான். அவளுக்கு எழுத்து தெரியாது. பத்திரிகை வந்ததும் லயத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டப்போகிறவன் நான். இந்த வரிவரை குரலை ஏற்றி இறக்கி வாசிப்பேன். பிறகு மடித்து இடுப்பில் செருகிக்கொள்வேன். மீதி உனக்கு. வாசிக்கிற மற்றவர்கள் எங்கள் தோட்டத்துப் பக்கம் வந்தால் இதைப் பற்றி வாய் திறக்க வேண்டாம், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

மச்சான், நீ எந்தக் காலத்திலும் துப்பாக்கியில் சைக்கிள் டியூப் சுற்றியதில்லை. ஆறும் ஒன்றுபோலவே இருந்தன. என் கண்ணில் நின்ற தண்ணீரில் ஓடுவது ஆறு பேரா பத்துப் பேரா என்றுகூடத் தெரியவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கேட்டாள், மூணு என்று வாயில் வந்துவிட்டது. சொல்லு, நீ எத்தனாவதாக ஓடினாய்?

உன் பிள்ளைக்குத் தாய்மாமன்,
உனக்கு என்றும் மச்சான்,
ரங்கசாமி