ஆறாவது குழாய்

நானா,

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் இன்று காலை தூறல். நீங்கள் மௌத்தாகிப் போன பிறகு உங்கள் வீட்டார் எனக்குத் தந்த உங்கள் கறுப்புக் குடையை விரித்தேன். நனைந்த துணியின் வாசம் என்னை அண்ணன் போல நீங்கள் எனக்கு வேலை பழக்கிய நம் ஆஸ்பத்திரிப் பரிசோதனை அறைக்கே கொண்டுபோய்விட்டது.

நெருப்புக் காய்ச்சலா, அதாவது டைபாய்டா என்று பார்க்க, நோயாளியின் இரத்தத்தில் தெளிந்த நீரை எடுத்து, குழாய்க்குக் குழாய் உப்புநீரால் பாதியாக மெலிய வைத்து, செத்த கிருமிகள் கலந்த நீரைச் சேர்ப்போம். உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள் இருந்தால் கிருமிகள் திரண்டு அடியில் படியும். கிருமிநீர் கப்பலில் வர வேண்டியது, எப்போதும் தட்டுப்பாடு. அதனால் இரண்டு குழாயோடு நிறுத்திக்கொள்வது நம் வழக்கம்.

ஹேவாஹெட்டத் தோட்டத்திலிருந்து என் மனைவி இரண்டு வாரக் காய்ச்சலோடு வந்து படுத்தபோது அந்த இரண்டும் கலங்கலாகவே நின்றன. 'இல்லை' என்று என் கையாலேயே எழுதினேன். அப்படியானால் நாளைப் பகல் சோறு கொடுக்கலாம் என்றார் டாக்டர். நெருப்புக் காய்ச்சலில் புண்ணான குடலுக்குள் சோறு போனால் குடல் ஓட்டையாகி உயிரே போகலாம் என்று நம் இருவருக்கும் தெரியும்.

நீங்கள் மட்டும் அந்த 'இல்லை'யை ஒப்பவில்லை. "ரெண்டு கெழமக் காய்ச்சல். இந்த ஒடம்பு சும்மாவா இரிந்திரிக்கும்? இன்னும் தண்ணி ஊத்திப் பாப்பம்."

எனக்குக் கோபம் வந்தது. "கெட்டியா இருக்கையிலயே தெரியல. தண்ணியாப் போனா எப்படிங்க தெரியும்?"

நீங்கள் ஆறு குழாய் வரை வைத்துவிட்டீர்கள். மறுநாள் ஜன்னலடியில் இந்தக் குடையை விரித்து, அதன் கறுப்புக்கு முன்னால் குழாய்களைப் பிடித்தீர்கள். மூன்றாவதும் கலங்கல். நாலாவதில் தூசு போல ஏதோ மிதந்தது. ஆறாவதில் நீர் பளிங்காய்த் தெளிந்து, அடியில் வெள்ளையாய்த் திரண்டிருந்தது. எதிர்ப்பொருள் அளவுக்கு மிஞ்சி ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியே மூடிவிட, அவை ஒன்றோடொன்று ஒட்ட முடியாமல் போனதால்தான் முதல் குழாய்கள் வாய் திறக்கவில்லை. அவள் உடம்பு அத்தனை மூர்க்கமாகச் சண்டை போட்டிருக்கிறது. அதைத்தான் நான் 'இல்லை' என்று எழுதியிருந்தேன்.

வார்டுக்கு ஓடினேன். சோற்றுக் கோப்பை அவள் மடியில் இருந்தது, முதல் பிடி இன்னும் வாய்க்குப் போகவில்லை. பிடுங்கினேன். பசியில் அழுதாள், திட்டினாள்.

நீங்கள் என்னைக் குறை சொல்லவில்லை. "அல்லாஹ் ஆறாவதுல வெச்சிரிக்கான். நாம ரெண்டோட நிப்பாட்டிட்டம்" என்றீர்கள், அவ்வளவுதான்.

இப்போது அந்த அறையில் ஆறு குழாய்க்குக் குறைத்து யாரும் வைப்பதில்லை. 'இல்லை' என்று எழுதும்போது என் கை இன்றும் தயங்குகிறது. பகலில் வீட்டுக்குப் போனால் இருவருக்கும் அவள் சோறு போடுகிறாள். அவள் முதல் பிடியை வாயில் வைக்கும்வரை நான் கை வைப்பதில்லை. "ஆறிப்போகுது, சாப்பிடுங்க" என்கிறாள்.