சாய்ந்த தைல மரம்

செவ்வாய்க்கிழமை, இரவு

பக்கத்துக் காலி மனையில் நிற்கும் தைல மரம் நேற்றைய மழையில் சாய்ந்துவிட்டது. கிளைகள் மின்கம்பியில் உரசின. மரம் சாய்ந்த பக்கம்தான் நஸ்ரீனின் தகர வீடு. காலையில் லைன்மேன் வந்து கரண்டை நிறுத்திவிட்டுக் கிளைகளை மட்டும் வெட்டினார்.

"அடிமரத்த எடத்து ஓனருதாம்மா வெட்டணும்" என்றார்.

பெங்களூரில் இருக்கும் அவருக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறாராம். வேரடியில் மண் வெடித்துக் கிடக்கிறது. அதுவரை தாங்குமா?

சாயங்காலம் நஸ்ரீனிடம், "புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எங்க ஊட்டுக்கு வந்துடு" என்றேன்.

"உங்களுக்கு எதுக்குக்கா தொந்தரவு?" என்று தயங்கியவள், காற்று எழுந்ததும் பாயோடு வந்துவிட்டாள். பிள்ளைகள் கூடத்தில் தூங்குகிறார்கள். சாமான்களைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவள் கணவர் மட்டும் அங்கேயே படுத்திருக்கிறார். நஸ்ரீன் ஜன்னலை விட்டு நகரவில்லை. மறுபடியும் காற்று வலுக்கிறது. நானே போய் அவரையும் அழைத்து வருகிறேன்.