பாலத்து நிறுத்தம்

பங்குனி 9, செவ்வாய்

காலையிலேயே வெயில். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி மாளவில்லை.

நம் பஸ்ஸில் நேற்று மாலை டிரிப்பில் நடந்ததை இன்றுதான் டிரைவர் அந்தோணி முழுசாகச் சொன்னான். மதுரை ஸ்டாண்டில் ஒரு பெண், தன் பிள்ளையோடு ஏறியிருக்கிறாள். பேச்சி. வாய்க்கால் பாலத்தில் இறங்குகிறவள். பிள்ளை பெரியாஸ்பத்திரியில் செத்துப்போனது. தூங்குகிற மாதிரி முந்தானையால் மூடி மடியில் வைத்திருந்தாள். அந்தோணிக்கும் தெரியும், கண்டக்டர் மாயாண்டிக்கும் தெரியும். பக்கத்தில் இருந்த அலங்காநல்லூர்க் கிழவி, பாவம், பிள்ளை கையில் பொரி வைக்கப் போனாளாம். கை ஜில்லென்று இருந்திருக்கிறது. ஒரே கூச்சல். சிக்கந்தர் சாவடியில் எல்லோரும் இறங்கி நடந்துவிட்டார்கள். மிச்ச தூரம் அவளும் பிள்ளையும் மட்டும்.

"ஏன்டா ஏத்துனீங்க?"

"மாட்டு வண்டிக்காரன் எவனும் வர மாட்டேன்னுட்டான்ணே. அம்புட்டுத் தூரம் அந்தப் பொம்பள எப்பிடித் தூக்கிட்டு நடக்கும்?"

திட்டினேன்.

பங்குனி 11, வியாழன்

காற்று இல்லை. பஸ்ஸில் ஆளும் இல்லை. காலை டிரிப்: விவரம் தெரியாத வெளியூர்க்காரர் ஒருவர், வாழைத்தார் இரண்டு. ஊரே எதிர்க் கம்பெனி வண்டியில். கூரையில்கூட ஆள். அதற்குப் பிரேக் சரியில்லை என்பது ஊரறிந்த சங்கதி. சாவுக்குப் பயமில்லை, தீட்டுக்குத்தான் பயம்.

தேங்காய்க் கடைப் பக்கம் எவனோ, "பாடை வண்டி வருது, வழி விடுங்கடா!"

வயலை விற்று வாங்கிய வண்டி. சித்திரைத் திருவிழாக் கூட்டம் ஒன்றுதான் நம்பிக்கை. அதுவும் போனால் வண்டியை விற்க வேண்டியதுதான். அப்புறம் நான் யார்? வயலும் இல்லை, வண்டியும் இல்லை.

பங்குனி 14, ஞாயிறு

செய்ய வேண்டியவை:
மஞ்சள் தண்ணீர் விட்டு உள்ளே கழுவ.
பூசணிக்காய், எலுமிச்சம்பழம்.
மெத்தை எல்லாம் புதிது. (அந்த சீட்டையே கழற்றி எரித்துவிடலாமா?)
பச்சைப் பெயிண்ட்.
பெண்கள் சீட்டுக்குத் திரை.
ஆள் சேரும்வரை காத்துக் கிடக்காமல் சொன்ன நேரத்துக்கு எடுக்க.

தலைவலி. சுக்குப் பற்று.

பங்குனி 20, சனி

எல்லாம் ஆயிற்று. வண்டி கல்யாணப்பெண் மாதிரி நிற்கிறது. மாப்பிள்ளையைத்தான் காணோம்.

சந்தையில் தமுக்கு அடிக்கச் சொன்னேன். "புது மெத்த, புதுப் பெயிண்ட்டு, சொன்ன நேரத்துக்குக் கெளம்பும்!" தமுக்கைக் கேட்க நல்ல கூட்டம். கேட்டுவிட்டு எதிர் வண்டியில் ஏறிப் போனார்கள்.

வீட்டில் அவளிடம் புலம்பினேன். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "நான் ஏறி உக்காந்து காட்டுறேங்க. பொண்டாட்டிய ஏத்துன வண்டியில தீட்டுன்னு எவ சொல்லுவா, பாக்கலாம்." மதுரை போய்த் திரும்பினாள். வண்டியில் அவள் ஒருத்திதான். இறங்கும்போது சிரித்தாள். வீட்டுக்குள் போய் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

பங்குனி 24, புதன்

அனல்காற்று. ஊர்ப் பெரியவர் அம்பலத்தைப் பார்க்கப் போனேன். மோர் கொடுத்தார். நல்ல மனிதர், அதுதான் கஷ்டம்.

"மாப்ள, வண்டியக் கழுவுனீரு சரி. அந்தக் கண்டக்டர நிறுத்தும். அந்தப் பேச்சி உம்ம வண்டியில கால் வைக்கக் கூடாது. சனங்க கேட்டா நான் சொல்லணும்ல? ரெண்டையும் செய்யும், ஊரே ஏறும்."

"அவ என்ன பண்ணுவா மாமா?"

"நடப்பா. நம்ம அப்பன் ஆத்தாவெல்லாம் பஸ்சுலயா போனாக?"

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய் சொன்னதா, பயம் சொன்னதா தெரியாது.

பங்குனி 27, சனி

மாயாண்டியை நிறுத்தியாயிற்று. பையைத் துடைத்து மடித்து சீட்டில் வைத்துவிட்டுப் போனான்.

பேச்சிக்காகப் பாலத்தில் நிறுத்தக் கூடாது என்று அந்தோணியிடமும் சொல்லிவிட்டேன். "சிலுவையிலருந்து எறக்குன உடம்பத் தாயி மடியிலதான்ணே போட்டாக," என்றான். உன் கோயில் பேச்சை வண்டியில் பேசாதே என்றேன்.

சாயங்காலம் எட்டுப் பேர் ஏறினார்கள். எண்ணெய் முறுக்கு வாங்கிக்கொண்டு வீடு.

சித்திரை 10, வெள்ளி

நாளை அழகர் ஆற்றில் இறங்குகிறார். விடியும்போதே ஊர் ஸ்டாண்டில் தள்ளுமுள்ளு. எதிர் வண்டியை விட்டு இறங்கி நம் வண்டிக்கு ஓடி வந்தார்கள், என் கண்ணால் பார்த்தேன். அம்பலமே குடும்பத்தோடு. பொரிக் கிழவியும். புட்போர்டில் தொங்கல். நான் முன் சீட்டில், அந்தோணிக்குப் பக்கத்தில், பாலத்து நிறுத்தம் வருகிற இடது ஓரமாக.

பாலத்தில் பேச்சி. கையைக் காட்டினாள். இடுப்பில் சின்னது ஒன்று, தலை தோளில் சாய்ந்து கிடந்தது. அவளுக்கு இன்னொரு பிள்ளை இருப்பதே எனக்குத் தெரியாது.

அந்தோணி வேகத்தைக் குறைத்தான். பின்னாலிருந்து, "நிறுத்தாதப்பா! போ, போ!"

"அண்ணே?" என்றான் அந்தோணி.

"போ," என்றேன்.

கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடி வந்தாள். புழுதியில் அப்புறம் தெரியவில்லை.

மதுரையில் இறங்கும்போது அம்பலம் முதுகில் தட்டினார். "இனிமே உம்ம வண்டிதான் மாப்ள." கிழவி என் கையில் ஒரு பிடி பொரி வைத்தாள். வாங்கிக்கொண்டேன்.

திரும்புகையில் பாலத்தில் யாரும் இல்லை. இரவு ஷெட்டில் அந்தோணியிடம் கேட்டேன், அந்தப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்ததா, காய்ச்சலா என்று.

"நீங்கதான்ணே அந்தப் பக்கம் உக்காந்திருந்தீக," என்றான்.